விசிலுக்காரனும் ஓர் ஊக்கும்

இந்தக் கட்டுரையோடு அச்சாகியிருக்கும் படத்தைப் பாருங்கள். கறுப்பாகத் தெரிகிற பறவை ஒன்று கூட்டின் விளிம்பில் நிற்கிறது. படத்தின் இடது ஓரத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு சின்ன மினுக்கம் தெரியும். அச்சுப் பிழை என்று நினைத்து நகத்தால் சுரண்டாதீர்கள். அது என்ன என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போடியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் மகள் மலர் உங்களோடு ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். நான் மலேசியா போய் வந்தது தெரிந்து, பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதித் தரச் சொல்லி உங்கள் தமிழ் டீச்சர் அவளிடம் கேட்டிருக்கிறார். இரட்டைக் கோபுரத்தைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அதைப் பார்க்கவே இல்லை.

நான் போனது கேமரன் மலைக்கு. என் மனைவியின் அக்கா கல்யாணமாகிப் போய் முப்பது வருஷமாக அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மலருக்குப் பெரியம்மா, நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகளுக்குக் கல்யாணம், படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாணம் புதன்கிழமை நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் ஆறு நாள் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாசலுக்கு வந்தேன். கும்மிருட்டு. நம்ம ஊரில் அந்நேரம் பால்காரர் வந்து போயிருப்பார். அங்கே கடிகாரம் முந்திக்கொண்டு ஓடுகிறது, சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. அதுவும் மூட்டத்துக்கு மனசு வந்தால்தான். நான் இருந்த நாட்களில் மலையை முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு காலையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த இருட்டில் யாரோ விசில் அடித்தார்கள். ஏதோ ஒரு பாட்டை ஞாபகப்படுத்தி அடிக்க ஆரம்பித்து, பாதியில் மறந்துபோய் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பதுபோல இருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஓடை ஓரங்களில் இதே மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கிறேன்.

"யார் மதினி அது, இந்நேரத்துல?" என்றேன்.

"ஆளு இல்ல தம்பி. விசிலுக்காரன். குருவி" என்றார் பெரியம்மா. "முப்பது வருஷமா எனக்கு அலாரம் அதுதான். அது அடிச்சா எந்திரிப்பேன், பெரட்டுக்குப் போவேன்."

பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது. பெரியம்மா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை. ஓடைக்கு மேலே பழைய கல்சுவர். அந்தச் சுவரின் பொந்தில், ஒரு பெரிய பெரணிச் செடிக்குப் பின்னால், அந்தப் பறவை கூடு கட்டியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். மழையில் மண் சரியாமல் இருக்கச் சுவரை இடித்துவிட்டு சிமெண்டுக் கால்வாய் போடப் போகிறார்கள். திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது.

பெரியம்மா ஆபீசுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே மேனேஜரைத் துரை என்பார்கள், ஆபீஸ் எழுத்தரைக் கிராணி என்பார்கள். "அப்படி ஒரு பறவை இருந்தால் படம் காட்டு, அந்தப் பக்கத்து வேலையைத் தள்ளிவைக்கிறேன்" என்று துரை சொல்லியிருக்கிறார். பெரியம்மா போனில் எடுத்த படத்தைக் கிராணியிடம் நீட்டினார்.

"அந்தப் பொடியன் என்னா சொன்னான் தெரியுமா? 'என்னக்கா இது, சட்டி புடிக்கிற கரித்துணியா?'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

என்னிடமும் காட்டினார். கரித்துணி மாதிரிதான் இருந்தது.

"நீங்க எத்தனையோ கல்யாணம் எடுத்துருக்கீங்க. ஒரு குருவிய எடுத்துத் தர முடியாதா தம்பி?"

உள்ளேயிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். அவர் காய்கறி லோரி ஓட்டுகிறவர், எனக்குச் சகலை. "மாப்பிள்ளய இப்படித் திரும்புன்னு சொல்லலாம். அதுகிட்ட என்னா சொல்லுவாரு? 'கொஞ்சம் சிரி லா'ன்னா?" அங்கே எதைப் பேசினாலும் வாலாக ஒரு 'லா' சேர்த்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலமே போனேன். ஓடைக்கு இந்தப் பக்கம் உடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் பின்னால் கேமராவை நிறுத்திக் காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு கறுப்பு வந்து சுவரில் உட்கார்ந்தது. வாயில் மண்புழு. சட்டென்று பெரணிக்குள் நுழைந்து மறைந்தது. இருபது படம் எடுத்தேன், இருபதும் கரித்துணி.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் போனேன். மூட்டம் சுவர் வரைக்கும் இறங்கியிருந்தது.

கேமராவுக்கு ஒரு குணம் உண்டு, பிள்ளைகளே. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரமாக, சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். கறுப்பைக் காட்டினால், "ஐயோ இருட்டாக இருக்கிறதே" என்று தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்புப் பறவை சாயம்போன சட்டை மாதிரி வரும். பின்னால் மூட்டம் வெள்ளையாக இருந்தாலோ, பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பறவை வெறும் நிழலாக வரும். கறுத்த மாப்பிள்ளை, வெள்ளைவெளேர் வேட்டி என்றால் எங்களுக்கும் இதே கஷ்டம்தான். நாங்கள் விளக்கைத் திருப்பிச் சமாளித்துவிடுவோம். பறவைக்கு யார் விளக்குப் பிடிப்பது? பிளாஷ் கூடாது என்று பெரியம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். "கண்ணுல அடிக்காதீங்க தம்பி. டார்ச் அடிச்சாலே ஓடிரும். கிட்டயும் போவாதீங்க."

இருட்டில் வெளிச்சத்தைச் சேர்க்கக் கேமராவின் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் பறவை தலையை ஆட்டிவிடும், படம் கலைந்துவிடும். கண்ணை வேகமாக மூடி, குறைகிற வெளிச்சத்தைக் கேமராவுக்குள்ளேயே கூட்டினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் வரும். வெள்ளிக்கிழமையும் போயிற்று.

பகலில் பெரியப்பா ரிங்லெட் டவுனுக்குக் கூட்டிப் போனார். ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம்ம பரோட்டாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி, கொஞ்சம் மெல்லிசு. தேயிலை விளைகிற மலையிலேயே தேநீரை டின் பால் ஊற்றித் தித்திக்கத் தித்திக்கக் குடிக்கிறார்கள். பக்கத்து மேசையில் இரண்டு விவசாயிகள் மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா காதோடு மொழிபெயர்த்தார். "இந்த மழை இப்படியே பெய்தால் மேலே இருக்கிற மண்ணெல்லாம் என் கோஸ் மேல்தான் வந்து உட்காரும்" என்றாராம் ஒருவர். "கோஸுக்கு முன்னால் உன் மாமியார் உருண்டு வருவார், பார்" என்றாராம் மற்றவர். சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தார்கள். கால்வாய் போடுகிற துரை மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை காலை. பெரியம்மா பெரட்டுக்குப் போய்விட்டார். நான் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். தாய்ப்பறவை இரை தேடப் போயிருந்தது. வானத்திலிருந்து வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அந்தப் பெரணிதான் மறைக்கிறது என்று தோன்றியது. மூன்றே மூன்று இலைகள், முழம் முழமாகக் கூட்டின் மேல் கவிந்திருந்தன. அவற்றை ஒதுக்கினால் போதும்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஊக்குகள் இருக்கும். மணப்பெண்ணின் முந்தானை கலைந்திருந்தால் சரிசெய்து குத்துவதற்கு. மணவறையில் மாலை கோணியிருந்தால் எங்களால் சும்மா இருக்க முடியாது. நேராக்கிவிட்டுத்தான் கேமராவைத் தூக்குவோம். இருபது வருஷப் பழக்கம். ஓடையைத் தாண்டிப் போனேன். மூன்று இலைகளையும் மடிப்பெடுத்து, பின்னால் கிடந்த காய்ந்த தண்டோடு சேர்த்து ஓர் ஊக்கால் குத்தினேன். இரண்டு குஞ்சுகளும் அம்மா வந்துவிட்டது என்று நினைத்து வாயைத் திறந்தன. வாய் மட்டும்தான் தெரிந்தது, மஞ்சளாக.

திரும்பி வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் பறவை வந்தது. முதலில் தயங்கியது. சுவரின் மேல் இப்படியும் அப்படியும் நடந்தது. பிறகு கூட்டின் விளிம்புக்கு வந்து நின்றது. மேலேயிருந்து வெளிச்சம் அதன் தோளில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், அது கறுப்பே இல்லை. ஆழ்ந்த நீலம். மயில்கழுத்துப் பட்டின் மடிப்பில் ஓடுமே, அந்த நீலம். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். ஏழு படம். ஐந்தாவது படம்தான் நீங்கள் பார்ப்பது.

அந்த நேரம் பார்த்து மேல்ரோட்டில் பெரியப்பா ஹாரன் அடித்தார். கம்போங் ராஜாவுக்கு லோடு ஏற்றப் போகிறவர், வழியில் பிரிஞ்சாங்கில் படத்தைப் பிரிண்ட் போட என்னையும் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. "சகல! ஜேம்ல மாட்டுனா அப்புறம் ரொம்ப சுசா லா! சீக்கிரம்!" சுசா என்றால் அங்கே கஷ்டம். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிரிஞ்சாங்கில் பிரிண்ட் கடை திறக்கவில்லை. சரி, முதலில் லோடு, பிறகு கடை என்று கம்போங் ராஜா போனோம். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புகையில் கியா பார்ம் சந்தைப் பக்கம் வண்டி நெரிசலில் மாட்டினோம். பள்ளி விடுமுறை. சமவெளியிலிருக்கிற அத்தனை காரும் ஸ்ட்ராபெரி வாங்க மலைக்கு ஏறியிருந்தது. மூன்று மணி நேரம் லோரி நகரவில்லை. பெரியப்பா இறங்கிப் போய் அவித்த சோளம் வாங்கி வந்தார். சோளத்தின் கடைசி வரிசையைக் கடிக்கும்போது மழை பிடித்தது. நம்ம ஊர் மழை மாதிரி இடி மின்னல் ஆர்ப்பாட்டமில்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே சீராக, நிற்காமல். எதிரே மலைச்சரிவில் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

சும்மா இருப்பானேன் என்று மடிக்கணினியைத் திறந்து ஐந்தாவது படத்தைச் சீராக்கினேன். பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"அலாமா! இதுவா நம்ம விசிலுக்காரன்? இவ்வளோ அழகா லா?" பிறகு விரலை வைத்து, "அது என்னா ஓரத்துல மினுங்குது?" என்றார்.

"ஊக்கு."

"அசிங்கமா இருக்கு. எடுத்துரு."

கல்யாணப் படத்தில் ஊக்கு தெரியக் கூடாது. தெரிந்தால் பக்கத்திலுள்ள பட்டுத்துணியைக் கொஞ்சம் எடுத்து அதன்மேல் பூசி மறைத்துவிடுவோம். அதே போலப் பக்கத்திலிருந்த பச்சையை எடுத்துப் பூசினேன். நாலு நொடி வேலை.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். என் மனசிலும் அது எடுத்தாச்சு. லோரியின் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் பிரிஞ்சாங்கில் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. பெரியம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், அதில் தூசி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தால் மூட்டமே இல்லை. மலை முழுசாகத் தெரிந்தது, தேயிலை வரிசைகள் தலைவாரிய மாதிரி அடிவாரம் வரை இறங்கின. இந்த வெளிச்சத்தில் இன்னும் நல்ல படம் கிடைக்கும் என்ற ஆசையில் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினேன். விசில் சத்தம் கேட்கவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

தொட்டிக்குப் பின்னால் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தபோதுதான் பார்த்தேன். மூன்று இலைகளும் மடிப்புக் கலையாமல் ஒதுங்கி நின்றன. நடுவில் ஊக்கு வெயிலில் மின்னியது.

அந்த இலைகள்தான் கூட்டுக்குக் குடை. சுவருக்கு மேலிருந்து வடிகிற தண்ணீர் அவற்றின் மேல் விழுந்து ஓடைக்குப் போய்விடும். குடையை நான் மடக்கி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தண்ணீர் கூட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன், கூடு பின்னிய பாசியெல்லாம் ஊறித் தொங்கியது. இரண்டு குஞ்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நான் கையை நீட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

நான் விலகி நின்றதும் பறவை வந்தது. வாயில் புழு. விளிம்பில் நின்று உள்ளே பார்த்தது. பறந்து போனது. கொஞ்ச நேரத்தில் அதே புழுவோடு மறுபடியும் வந்தது. வெளிச்சம் அன்றைக்குத்தான் சரியாக இருந்தது. தோளின் நீலம் ஒவ்வொரு இறகாகத் தெரிந்தது. கேமரா என் கழுத்தில் தொங்கியது. அதைத் தொடவில்லை.

அது போனபிறகு ஊக்கைக் கழற்றினேன். இலைகள் விழுந்து கூட்டை மூடின. யாரும் எதையும் தொடாத மாதிரி இருந்தது. வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள். கோழிக்கறி வாசம் வாசல் வரை வந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பெரியம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டார். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தோம். கிராணி படத்தைப் பார்த்து எழுந்தே விட்டார். "நம்ம கரித்துணியா அக்கா இது? சோரி லா அக்கா!" துரை பெரியம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். முப்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. துரை மலாயில் ஏதோ கேட்டார். பெரியம்மா பதில் சொன்னார். கிராணி எனக்குச் சொன்னார்: "குஞ்சு எப்ப பறக்கும்னு கேக்குறாரு. அக்கா இன்னும் ரெண்டு வாரம்ங்குறாங்க." துரை தலையாட்டினார். ஜேசிபியை மேல்வளைவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். பெரியம்மா சரி என்றார்.

திரும்பி வரும் வழியில் நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "மதினி, அந்தக் கூட்டுல..."

"தெரியும் தம்பி. நேத்துச் சாயங்காலமே போய்ப் பாத்துட்டேன்."

"அப்புறம் ரெண்டு வாரம்னு சொன்னீங்க?"

"அது மறுபடியும் கட்டும். கட்டறதுக்கு எடம் வேணும்ல. செவுத்த இடிச்சிட்டா எங்க போவும்?" ஈரத்தில் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுதான் தம்பி புரியல. இது என்னா புது மழையா? இதவிடப் பேய்மழையெல்லாம் பாத்த குருவி. ஒரு தடவகூட கூடு நனஞ்சதில்ல. இந்தத் தடவ மட்டும் ஏன் இப்படி?"

ஊக்கு என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சின் மேல் அது இருக்கிற இடம் எனக்குத் தெரிந்தது.

"தெரியல மதினி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி, மலருக்குத் தேயிலையும் ஒரு ஸ்ட்ராபெரி பொம்மையும் கொடுத்தார் பெரியம்மா. பஸ் வளைந்து வளைந்து இறங்கியது, பக்கத்து சீட்டுக்காரர் பையைத் திறந்து வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். நான் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வாரம் ஒருமுறை பெரியம்மா பேசினார். ஒவ்வொரு தடவையும் கடைசியில், "இன்னும் விசில் சத்தத்தக் காணோம் தம்பி" என்றார். ஒவ்வொரு தடவையும் "வரும் மதினி" என்றேன்.

பிறகுதான் உங்கள் டீச்சர் கட்டுரை கேட்டார். மலர் அந்தப் படத்தையே போடலாம் என்றாள். ஊக்கை மறைக்காத முதல் படம் கணினியில் அப்படியே இருந்தது. பள்ளிக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அதைப் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மினுக்கத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, நடந்ததையெல்லாம் கீழே எழுதியிருந்தேன்.

பெரியம்மா தினமும் காலையில் ஒரு பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறவர். ஒன்பது நாள் அது வரவில்லை. பத்தாவது நாள் ஒரே ஒரு வரி வந்தது.

"அந்த ஊக்க எடுத்துட்டீங்களா தம்பி, இல்ல இன்னும் அங்கதான் இருக்கா?"

எடுத்துவிட்டேன் மதினி என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.